செட்டுக்காரர் வீட்டுக்கு ஒரு செட்

செட்டுக்காரருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் அது பத்திரமாக இருக்கிறது. வெளியே எடுத்துப் புழங்குவதில்லை. தெருவில், வேலை பார்க்கும் இடத்தில், உறவுக்காரர்கள் மத்தியில் எல்லாம் அவர் செட்டுக்காரர்தான். கட்டிய மனைவியே வம்பு இழுக்க நினைத்தால், "ஏங்க செட்டுக்காரரே" என்றுதான் ஆரம்பிப்பாள்.

ஆங்கிலத்தில் லட்சக்கணக்கில் வார்த்தைகள் இருக்கின்றன என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். செட்டுக்காரர் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைப் படித்தவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அறுபது வயதுவரை காலத்தை ஓட்டிவிட்டார். அவருக்குச் சோறு போட்டதும் அந்த ஒரு வார்த்தைதான்.

பதினெட்டு வயதில் தாய்மாமாவின் மைக் செட் கடையில் சேர்ந்தார். குழாய் ஸ்பீக்கரைத் தோளில் தூக்கிக்கொண்டு, கூட்டம் நடக்கும் இடமெல்லாம் போய், மரத்தில் ஏறிக் கட்டி, "ஹலோ, ஹலோ" சொல்லிப் பார்த்து, மறுநாள் அவிழ்த்துக்கொண்டு வரும் வேலை. நாலு வருஷம் ஓடியது. "மாமாவுக்கும் எனக்கும் செட் ஆகல" என்று ஒரே வரியில் அந்தக் கதையை முடித்துவிடுவார். அடுத்தது ரேடியோ செட், டிவி செட் பழுது பார்க்கும் கடை. அங்கே கடைக்காரருக்கும் அவர் தம்பிக்கும் செட் ஆகவில்லை. கடையை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரித்ததில் செட்டுக்காரர் யார் பங்கிலும் வரவில்லை. பிறகு இரண்டு வருஷம் சினிமா செட். முன்னால் நின்று பார்த்தால் பளிங்கு மண்டபம், பின்னால் போய்ப் பார்த்தால் கட்டையும் சாக்கும் ஆணியும். அந்தப் பளிங்கெல்லாம் இவர் கையால் பிளாஸ்டரில் ஊற்றியது. அங்கே கூட வேலை பார்த்த ஒருவர் பல் ஆஸ்பத்திரிக்கு மாறிப் போயிருந்தார். போனவர் சும்மா இருக்காமல் திரும்பி வந்து இவரையும் கூப்பிட்டார்.

"பிளாஸ்டர் எப்ப செட் ஆகும்னு உனக்கு விரலே சொல்லுதுப்பா. தூணு ஊத்தினது போதும். பல்லு செட் கட்ட வா."

வந்தவர்தான். முப்பது வருஷமாகப் பல் செட்.

இனி அவர் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் நிலையத்தில் எந்த பஸ் எந்த மேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும், யாருடைய பை காணாமல் போனது, யாருடைய பிள்ளை அழுதுகொண்டு நிற்கிறது என்று மைக்கில் சொல்லும் வேலை அவளுக்கு. முப்பத்து நாலு வருஷமாக அதே நாற்காலி. ஊருக்கு அவள் மைக்கம்மா. முகம் தெரியாதவர்களுக்கும் அவள் குரல் தெரியும். மார்க்கெட்டில் விலை கேட்டாலே, கூடைக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்து, "அம்மா, அந்த எட்டரை மணி பஸ் இன்னும் ஓடுதா?" என்று விசாரிப்பார்கள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஸ் நிலையத்து மைக் செட் மக்கர் பண்ணியது. பார்க்க வந்தவர் அப்போது ரேடியோ கடையில் இருந்த செட்டுக்காரர். பெட்டியைத் திறந்து மூடிவிட்டு அவர் சொன்னார்:

"செட்டுல ஒரு கோளாறும் இல்லம்மா. உங்க குரலுக்கும் இந்த மைக்குக்கும்தான் செட் ஆகல. நாற்காலிய ஒரு சாண் பின்னாடி செட் பண்ணிக்குங்க."

"ஒரே மூச்சுல மூணு செட்டு. மூணுக்கும் மூணு அர்த்தம்," என்றாள் அவள். "வேற வார்த்தையே தெரியாதா உங்களுக்கு?"

அவர் அசடு வழியச் சிரித்தார். மறு வாரம் மைக் நன்றாக இருக்கும்போதே வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். நாலாவது வாரம் அவள் நேராகவே கேட்டுவிட்டாள், வந்தது மைக்கைப் பார்க்கவா என்று. கல்யாணம் முடிந்தபோது செட்டுக்காரர் நண்பர்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்கம்மா உட்கார்ந்து எண்ணினாள். காலையிலிருந்து படுக்கும்வரை அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை முப்பத்தொரு தடவை விழுந்தது. அலாரம் செட். சட்டையும் கால்சட்டையும் ஒரு செட். மகளோடு சுற்றும் பெண்கள் நல்ல செட்டு இல்லை. மாடிக்குக் குடிவந்தவர் செட் ஆவார் போலத் தெரிகிறது. புதுச் செருப்பு செட் ஆகவில்லை. உடைந்த கோப்பைக்கு ஜோடி கிடைக்காமல் செட்டே வீணாயிற்று. இவர் முழங்காலுக்கும் மழைக்கும் செட் ஆவதில்லை. "இங்கிலீஷ்காரன் கேட்டா உக்காந்து அழுவான்," என்றாள். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த வீட்டில் பேச்சுக்கும் சிரிப்புக்கும் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. பேசுவது பெரும்பாலும் அவள், கேட்டுக்கொள்வது அவர். அந்த ஏற்பாடு இரண்டு பேருக்குமே பிடித்திருந்தது.

அப்படிப்பட்டவள்தான் நாலு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

ஈறு நோய். வருஷக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்தவள், கடைசியில் பல்லே ஆட ஆரம்பித்த பிறகுதான் அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஒன்றுகூடத் தேறாது என்று சொல்லிவிட்டார். இரண்டு வாரத்தில் அத்தனையும் எடுத்தாயிற்று. ஈறு ஆற மூன்று மாதம், அதன்பின் செட். நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மைக்கம்மா வீட்டில் உட்கார்ந்தாள்.

பல் இல்லாதவர்களும் பேசத்தான் செய்கிறார்கள். ஆனால் அவளுக்குத் தன் குரல் தன் காதில் விழுவதைத் தாங்க முடியவில்லை. முதல் நாள் "தண்ணி" என்று கேட்டாள். அது வேறு ஏதோவாக வந்து விழுந்தது. அன்றோடு சரி. பழைய பஸ் கால அட்டவணைகளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்ட ஆரம்பித்தாள். 'பால் வாங்கணும்.' 'குழாய் சொட்டுது.' வெளியூரில் இருக்கும் மகள் சாயங்காலம் போன் பண்ணினால், குளிக்கிறேன் என்று சொல்லுங்கள் என்று எழுதுவாள். "அம்மா நாலு மாசமா குளிச்சுக்கிட்டே இருக்காங்களாப்பா?" என்று மகள் ஒரு நாள் கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் அழுதாள். செட்டுக்காரருக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

இதில் அவர் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல, பல் செட் எப்படிக் கட்டுகிறார்கள் என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஆஸ்பத்திரியின் முன் அறையில் டாக்டரம்மா. பின் அறையில் செட்டுக்காரர். நடுச்சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னல் வழியாக இரண்டு பொருள் அவருக்கு வரும். முதலில் வாயின் அச்சு. அதில் பிளாஸ்டர் ஊற்றினால் மேல் ஈறும் கீழ் ஈறும் அப்படியே கையில் நிற்கும். அடுத்தது கடி. மேலே ஒன்று கீழே ஒன்றாக மெழுகுக் கட்டை வைத்து, ஆளைக் கடிக்கச் சொல்லி எடுப்பது. வாயை மூடும்போது கீழ்த்தாடை மேல்தாடையோடு எந்த இடத்தில் வந்து சேர்கிறது என்பதை அந்த மெழுகுதான் சொல்லும். அதை வைத்துத்தான் பிளாஸ்டர் ஈறுகளைக் கீல் வைத்த இரும்புத் தாடையில் பொருத்திப் பல் அடுக்குவார். அச்சிலே குறை இருந்தால் செட்டுக்காரர் ஜன்னலில் தலையை நீட்டிச் சண்டை போடுவார். கடியில் மட்டும் மூக்கை நுழைக்க மாட்டார். "கடி டாக்டர் வேலை, அடுக்கு என் வேலை" என்பது அவர் பாடம். வந்த கடியைச் சந்தேகப்பட்டு ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை.

மனைவியின் ஈறு ஆறியதும், அளவெடுக்க அழைத்து வரும்படி டாக்டரம்மா சொன்னார். செட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டு, சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவன், பெண்டாட்டியைக் கொண்டுபோய் வரிசையில் உட்கார வைப்பதா? பெருமைதான், வேறென்ன.

சாப்பாட்டு மேஜையில் அவளை உட்கார வைத்து, மேஜை விளக்கை முகத்துக்கு நேரே திருப்பி, அச்சு எடுத்தார். மறுநாள் மெழுகுக் கட்டைகளை வைத்து, "நல்லா கடி" என்றார். கடித்தாள். அவருக்குத் திருப்தியாக இருந்தது. மெழுகை வெளியே எடுத்த பிறகும் அவள் உதடு உள்ளே போகவில்லை, கன்னம் ஒட்டவில்லை, முகம் பழைய முகமாகவே இருந்தது. "அட, உனக்குப் பல்லே வேண்டாம் போலிருக்கே," என்று விளையாட்டுக்குச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள்.

முதல் செட் தயாராகிப் போட்டதும் பேசச் சொன்னார். வாயைத் திறந்தாள், 'டக்' என்று ஒரு சத்தம். மூடினாள், இன்னொரு 'டக்'. கீழ்ப் பல் ஈறைவிட்டுத் தூக்கியது. "பஸ்" என்று சொல்லிப் பார்த்தாள். விசில் அடித்தது. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை பஸ் என்று சொல்ல வேண்டிய பெண்ணுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்!

பல்லின் உயரத்தைக் குறைத்து இரண்டாவது செட் கட்டினார். டக், டக். பல்லின் அளவையே மாற்றி, வேறு வரிசையில் அடுக்கி, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு மூன்றாவது கட்டினார். அதைப் புதன்கிழமை காலையில் போட்டுப் பார்த்தாள். இடையில் பஸ் நிலைய மேலாளரிடமிருந்து கடிதம் வேறு வந்திருந்தது: விடுப்பு முடிகிறது, திங்கட்கிழமை வந்து நாற்காலியில் உட்கார வேண்டும், முடியாவிட்டால் பதிவு செய்த குரலை வைத்துக்கொள்ளப்போகிறோம்.

புதன்கிழமையும் டக். மைக்கம்மா செட்டைக் கழற்றித் தண்ணீர்க் கோப்பையில் போட்டாள். கால அட்டவணையைத் திருப்பி எழுதினாள்.

'எனக்கு செட் ஆகாது. விட்டுடுங்க. வேலை வேண்டாம்னு லெட்டர் எழுதிட்டேன். திங்கட்கிழமை நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்க.'

முப்பத்து நாலு வருஷமாகத் தன் வாயில் கேட்டு அவள் சிரித்த வார்த்தையை முதல்முறையாக அவள் கையெழுத்தில் பார்த்தார். சிரிக்கிற மாதிரி இல்லை. அந்த நாற்காலி போனால் அவள் பேச்சும் போய்விடும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. எதிரே இருப்பவள் இனி எழுதிக் காட்டிக்கொண்டேதான் கிழவியாவாள். தன் கையால் ஊரே மென்று தின்கிறது, தன் வீட்டில் மட்டும் இப்படியா என்று நினைத்தபோது கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

வியாழக்கிழமை மூன்று செட்டையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அச்சு ஒன்றை நீட்ட வந்த டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டார். சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

"யாருதுண்ணே இது? மூணும் ஒரே வாய் மாதிரி இருக்கு."

செட்டுக்காரர் மென்று விழுங்கினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

டாக்டரம்மா ஒரு செட்டை எடுத்து மேலும் கீழும் சேர்த்துப் பார்த்தார். "வேலை சுத்தமா இருக்கு. கடி யார் எடுத்தது?"

"நான்தான்."

"மூணுக்கும் மூணு தடவை எடுத்தீங்களா?"

"இல்லம்மா. ஒரே கடி."

"பல்லை மாத்தினீங்க, உயரத்த மாத்தினீங்க, கடிய மட்டும் மாத்தல."

"கடிதான் வந்தாச்சேன்னு..." என்று ஆரம்பித்த செட்டுக்காரர் பாதியில் நிறுத்தினார். கடி எங்கிருந்தும் வரவில்லை. அவரே எடுத்தது. ஆனால் முப்பது வருஷப் பழக்கம் விடுமா? மேஜைக்கு வந்துவிட்ட மெழுகு அவர் கண்ணுக்குக் கேள்வி கேட்கக்கூடாத மெழுகுதான். ஒரு தடவைகூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா பிளாஸ்டர் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "வேற யாராவது வீட்டுல கடி எடுத்து பையில போட்டுக் கொண்டுவந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"தூக்கிக் கடாசியிருப்பேன்."

"அப்ப இதையும் கடாசுங்க. மத்தியானம் அக்காவக் கூட்டிட்டு வாங்க. ஆனா ஒண்ணு, நீங்க என் அறைக்குள்ள வரக்கூடாது."

கூட்டி வருவது லேசான காரியமாக இல்லை. அவள் தலையை ஆட்டினாள், கதவைச் சாத்தினாள், கதவுக்கு அடியில் 'வரமாட்டேன்' என்று ஒரு துண்டுக் காகிதத்தைத் தள்ளினாள். செட்டுக்காரர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. அதே காகிதத்தைத் திருப்பி, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு எழுதி, உள்ளே தள்ளினார். 'உன் வாயில தப்பு இல்ல. தப்பு நான் பண்ணினது. டாக்டரம்மா திட்டிட்டாங்க.'

அவரை யாரோ திட்டினார்கள் என்ற செய்தி வேலை செய்திருக்க வேண்டும். கதவு திறந்தது. வாயைத் துணியால் மறைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

ஆஸ்பத்திரியில் அவள் முன் அறைக்குப் போனாள். இவர் பின் அறைக்கு. சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால் வேறொருவருடைய அச்சுக்கு ஊற்றுவதற்காக ரப்பர் கிண்ணத்தில் பிளாஸ்டரைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் கலக்க ஆரம்பித்தார். சரக், சரக் என்று கரண்டி கிண்ணத்தில் உரசும் சத்தம் அவருக்குத் தாலாட்டு மாதிரி. ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தது.

டாக்டரம்மா கடிக்கச் சொல்லவே இல்லை. எந்த ஊர் பஸ் நல்ல பஸ், எந்த டிரைவர் நேரத்துக்கு எடுப்பார் என்று ஏதேதோ விசாரித்தார். மைக்கம்மா தலையாட்டியிருப்பாள். பிறகு, "எச்சில் விழுங்குங்க. நாக்கு நுனிய பின்னாடி மடிச்சு மேல வைங்க. அப்படியே மெதுவா மூடுங்க," என்ற குரல் கேட்டது. கொஞ்சம் பொறுத்து: "தாடைய ஏன்க்கா முன்னாடி தள்றீங்க?"

நாற்காலி கிரீச்சிட்டது.

"எல்லாருக்கும் வாய மூடினா தாடை உள்ள போகும். உங்களுக்கு வெளிய வருது. வலிக்கலையா?"

அப்போது மைக்கம்மாவின் குரல் கேட்டது. எழுத்தெல்லாம் கரைந்து, காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் நாலு மாதம் கழித்து அந்தக் குரல். செட்டுக்காரருக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

"வலிக்கும். பழகிப்போச்சு. உள்ள விட்டா உதடு உள்ள போயி பொக்கை வாயாத் தெரியுது டாக்டர். அவர் எதிர்ல இருக்கும்போதெல்லாம் இப்படித் தள்ளியே வச்சுக்குவேன். அன்னைக்கு மேஜையில விளக்கு போட்டு மூஞ்சிக்கு நேரா பாத்தாரு. இன்னும் நல்லாத் தள்ளி வச்சுக்கிட்டேன். பல்லே வேண்டாம் போலிருக்கேன்னாரு. சரி, இப்படியே இருக்கட்டும்னு... தூங்கும்போதுகூட அந்தப் பக்கம் திரும்பித்தான் படுக்கிறேன்."

செட்டுக்காரர் கை நின்றுவிட்டது. சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். முப்பத்து நாலு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு, அவர் கண்ணில் அசிங்கமாகத் தெரிந்துவிடுவோமோ என்று நாலு மாதம் தாடை வலித்திருக்கிறது. அதைப் பார்த்து அவர் ஜோக் அடித்திருக்கிறார். தன்மேலேயே அவருக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் அழுகை வந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து பார்த்தால், கிண்ணத்தில் பிளாஸ்டர் கல்லாகியிருந்தது. கரண்டி அதற்குள் நட்டமாக நின்றது. முப்பது வருஷத்தில் அவர் கையில் பிளாஸ்டர் அப்படிக் கெட்டது அதுதான் முதல் தடவை.

"அண்ணன் இங்க இல்லக்கா," என்று டாக்டரம்மா சொல்வது கேட்டது. "உள்ள விட்டுடுங்க. ம்... இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். இதுதான் உங்க வாய்."

ஜன்னல் வழியாக மெழுகு வந்தது. பழைய கடியையும் புதிய கடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கீழ்த்தாடை ஓர் அரிசி நீளம் பின்னால் போயிருந்தது. தள்ளிப் பிடித்த தாடைக்கு அடுக்கிய பல், பேசும்போது தாடை தன் இடத்துக்குத் திரும்பியதும் ஒன்றோடொன்று முட்டியிருக்கிறது; அந்த ஓர் அரிசிதான் மூன்று செட்டையும் கெடுத்தது.

வெள்ளிக்கிழமை மெழுகில் பல் அடுக்கிக் கொடுத்தார். டாக்டரம்மா வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். சனிக்கிழமைக்குள் செட்டைப் பிளாஸ்டர் அச்சுக்குள் வேக வைத்து, அச்சை உடைத்து எடுத்து, அரத்தால் ராவி, பளபளவென்று தேய்த்து ஜன்னலில் நீட்டியாயிற்று. போட்டுப் பார்க்கும்போது இருக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. பின் கதவு வழியாகத் தெருவுக்குப் போய், எதிர்க்கடை வாசலில் நின்றுகொண்டார். அரைமணி நேரம் நின்றார். மைக்கம்மா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு படியிறங்கி வந்தாள். இவரைக் கண்டுகொள்ளாமல் நேரே நடந்தாள். செட்டுக்காரருக்கு உயிர் பாதி போய்விட்டது. பின்னாலேயே ஓடினார். தெருமுனையில் அவள் நின்று திரும்பினாள்.

"ஏங்க, கெளம்பும்போது அடுப்ப அணைச்சீங்களா?"

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. டக் இல்லை. விசில் இல்லை. அடுப்பை அணைத்தாரா என்று அவருக்கு நினைவில்லை. எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தார். அதைத் தெரிந்துகொண்டவள் போல வீடு போய்ச் சேரும்வரை திட்டிக்கொண்டே வந்தாள். குழாய் இன்னும் சொட்டுவது, மாடிக்காரர் வண்டியை வாசலில் நிறுத்துவது, அவர் சட்டையில் பித்தான் இல்லாமல் நாலு மாதம் வேலைக்குப் போய்வந்தது எல்லாம் வரிசையாக வந்தன. செட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நடந்தார். அடுப்பு அணைந்துதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகளோடு போனில் ஒன்றரை மணி நேரம். ஈறில் ஒரு பக்கம் உறுத்துகிறது என்றாள். இவர் அந்த இடத்தை லேசாக ராவிக் கொடுத்தார். வேலை வேண்டாம் என்று எழுதிய கடிதத்தை அவளே கிழித்தாள்.

திங்கட்கிழமை செட்டுக்காரர் விடுப்பு எடுத்தார். அவள் போய் ஒரு மணி நேரம் கழித்துத் திருட்டுத்தனமாகப் பஸ் நிலையத்துக்குப் போய், இரண்டாம் மேடையின் தூணுக்குப் பின்னால், ஸ்பீக்கருக்கு நேர்க்கீழே நின்றார். வீட்டில் வராத சத்தம் மைக்கில் வரலாம். மைக் எதையும் பெரிதாக்கும். அது அவருக்குத் தெரியாதா? ஸ்பீக்கர் கரகரத்தது. ஒரு செருமல்.

"பயணிகள் கவனத்திற்கு. ஒன்பதரை மணி பஸ் மூன்றாம் மேடையிலிருந்து இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும்."

பஸ் என்ற சொல் பஸ்ஸாகவே வந்தது. ஒரு பெண் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ஒரு பெரியவர் செய்தித்தாளை மடித்தார். நாலைந்து பேர் மூன்றாம் மேடைப் பக்கம் நடந்தார்கள். ஒருவர்கூட நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. செட்டுக்காரருக்கு அதைவிட வேறு சர்டிபிகேட் தேவைப்படவில்லை. ஆனாலும் ஆசை விடவில்லை. ஐந்தாம் மேடைக்குப் போய் அங்கே ஒரு தடவை கேட்டார். கழிப்பறைப் பக்கத்து ஸ்பீக்கரில் ஒரு தடவை கேட்டார். எங்கேயும் டக் இல்லை.

நாலாவது இடம் தேடிப் போகும்போது கண்ணாடி அறையைத் தாண்ட வேண்டியிருந்தது. குனிந்து போகப் பார்த்தார். கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. மைக்கம்மா கதவைத் திறந்தாள்.

"எத்தனை சுத்து சுத்துவீங்க? உள்ள வாங்க."

"வேண்டாம்மா. நான் எதிர்ல இருந்தா உனக்கு..." என்று இழுத்தார். பிறகு மனசு கேட்காமல் சொல்லிவிட்டார். "அன்னைக்கு ஜன்னல் திறந்திருந்துச்சு. நீ டாக்டரம்மாகிட்ட சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

"தெரியும்."

"எப்படி?"

"பிளாஸ்டர் கலக்குற சத்தம் பாதியில நின்னுபோச்சே," என்றாள் மைக்கம்மா. "அதுக்கப்புறம் கடைசிவரைக்கும் கேக்கவே இல்ல."

அவள் ஒரு நாற்காலியை இழுத்துத் தனக்கு நேர் எதிரே போட்டாள். உட்கார்ந்தார். கூரையைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், கால அட்டவணையைப் பார்த்தார்.

"என்னைப் பாருங்க," என்றாள்.

மைக்கின் விசையைத் தட்டினாள். பத்து மணி பஸ், பத்தேகால் பஸ், ஐந்தாம் மேடையில் யாரோ விட்டுப்போன நீலப் பை என்று வரிசையாகப் படித்தாள். செட்டுக்காரர் பார்த்தார். பல் செட்டைப் பார்க்கவில்லை. அது டாக்டரம்மாவின் கடி, அவருடைய அடுக்கு, அதில் இனிப் பார்க்க ஒன்றும் இல்லை. தாடையைத்தான் பார்த்தார். ஒரு முழ தூரத்தில் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நீலப் பைக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போகும்வரை, அது முன்னால் வரவே இல்லை.